உச்சவரம்புக்கு ஐயாயிரம் மேலே

வெர்னெட் ஹாலிஸ் பதினோரு வருடம் கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்கியவள். அவள் பெயர் பொறித்த சட்டையைக் காசு கொடுத்து வாங்கிய ரசிகன் உலகத்தில் ஒருவன்தான். அவன் கர்ட்டிஸ். டொலீடோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன், அவளுடைய கணவன். சட்டைக்குத் தள்ளுபடி கேட்டும் கடைக்காரன் தரவில்லை என்பதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் புள்ளி எடுக்கிறவள் அல்ல. அவளுடைய வேலை நிற்பது. தோழி ஒருத்தி பந்தோடு ஓடும்போது அவளைத் துரத்தி வருகிற எதிரணிக்காரியின் வழியில், கால்களை அகட்டி, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, சுவரைப் போல நின்றுவிட வேண்டும். ஸ்க்ரீன் என்பார்கள். துரத்தி வந்தவள் மோதுவாள். அந்த அரை நொடியில் தோழி விலகிப் போய்ப் பந்தைக் கூடைக்குள் போட்டிருப்பாள். அரங்கம் தோழிக்குக் கைதட்டும். வெர்னெட் தரையிலிருந்து எழுந்து தோளைத் தடவிக்கொண்டே திரும்பி ஓடுவாள். ஆட்டம் முடிந்ததும் தருகிற புள்ளிவிவரத் தாளில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு, நின்றதற்கு மட்டும் கிடையாது.

அப்பா ஜீப் தொழிற்சாலையில் கதவு மாட்டுகிற வரிசையில் முப்பது வருடம் நின்றவர். நிற்பது குடும்பத் தொழில் என்று அவள் சொல்வதுண்டு. அந்த வீட்டில் அம்மா, அப்பா என்ற சொற்களுக்கு அடுத்தபடியாகக் குழந்தை கற்ற சொல் சங்கம். வேலைநிறுத்தக் காலத்தில் தொழிற்சாலை வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு புகைப்படம் அவளிடம் இருந்தது. அட்டையில் என்ன எழுதியிருந்தது என்பது வாசிக்க முடியாதபடி வெயில் விழுந்திருந்தது.

பதினோரு வருடத்தில் நான்கு ஊர் அணிகள். லீக் கோடையில் மட்டும்தான் நடக்கும் என்பதால் குளிர்காலங்களில் துருக்கி, போலந்து என்று போய் ஆடிச் சம்பாதித்தாள். முப்பத்தொரு வயதில் சொந்த ஊர் அணியான டொலீடோ ஹெரன்ஸுக்கு வந்து சேர்ந்தாள். மூன்று கோடை ஆடினாள். நான்காவது கோடை தொடங்குவதற்கு முந்தைய நாள், பயிற்சி முகாமின் கடைசி நாளில், மேனேஜர் ஃப்ரெட் ஹதாத் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

யாரை அணியில் வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்பது ஹதாத்தின் முடிவு. கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நாளில் அவருடைய அத்தை செய்த பக்லாவாவை ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்துவிடுவார். அதனால் ஹதாத் இனிப்பு நீட்டினால் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று முகாமில் எல்லாருக்கும் தெரியும். வெர்னெட் உள்ளே போனபோது தகரப் பெட்டி திறந்திருந்தது.

"உட்காரு வெர்ன்."

"நின்னுக்கறேன். நிக்கறதுதானே என் வேலை."

"ஒண்ணு எடுத்துக்கோ. அத்தை பண்ணினது."

"சொல்ல வந்ததைச் சொல்லுங்க ஃப்ரெட். உங்க அத்தையை அப்புறம் பாராட்டறேன்."

ஹதாத் பெட்டியை மூடினார். "பதினொரு பேருக்குப் போக, பன்னிரண்டாவது ஆளுக்குச் சம்பள உச்சவரம்புல எழுபத்தோராயிரம் டாலர் மிச்சம் இருக்கு. உனக்குச் சட்டப்படி கொடுக்கவேண்டிய குறைஞ்சபட்சம் எழுபத்தாறாயிரம்."

"சரி, எழுபத்தொண்ணே கொடுங்க."

"முடியாது."

"நானா கேக்கறேன். வேணும்னா எழுதித் தரேன்."

"நீ எழுதிக் கொடுத்தாலும் செல்லாது வெர்ன். குறைஞ்சபட்சத்துக்குக் கீழ கையெழுத்து வாங்கினா லீக் எனக்கு அபராதம் போடும். உங்க சங்கம் என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கும். சங்கம்னா யாரு? நீதான். ஒப்பந்தத்தோட கடைசிப் பக்கத்துல உன் கையெழுத்து இருக்கு, காட்டவா?"

"வேண்டாம். என் கையெழுத்து எனக்குத் தெரியும்."

"ஆட்டத்துல உன்மேல ஒரு குறையும் இல்ல. அதை நான் எங்க வேணா சொல்வேன்."

"என் இடத்துல யாரு?"

"ஜோரி ஓல்சன். புதுசு, அவளுக்கு அறுபதுதான்."

"அந்தப் பொண்ணா? பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி ஸ்க்ரீன் நிக்கறா."

"பாத்தேன்."

"கத்துக்குவாளா?"

"அது தெரியல. பதினோராயிரம் மிச்சமாகும், அது தெரியும்," என்றார் ஹதாத். சொல்லிவிட்டுத் தன் பேச்சு தனக்கே பிடிக்காதவர் போல ஜன்னல் பக்கம் பார்த்தார்.

இந்த உச்சவரம்பு நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஓர் அணி தன் ஆட்டக்காரிகள் எல்லாருக்குமாகச் சேர்த்துத் தருகிற சம்பளம் ஒரு தொகைக்கு மேல் போகக் கூடாது, ஒரு டாலர்கூட. இல்லாவிட்டால் பணக்கார ஊர்கள் நல்ல ஆட்டக்காரிகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும், டொலீடோ மாதிரி ஊர்களுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். அதை வெர்னெட்டும் எதிர்த்ததில்லை.

அவள் எதிர்த்தது வேறொன்றை. ஆறு வருடத்துக்கு முன்னால், அப்போது அவள் ஆடிய அணியின் சங்கப் பிரதிநிதியாக சிகாகோ கூட்டத்துக்குப் போயிருந்தாள். அன்றைக்கு இருந்த விதிப்படி நேற்று வந்தவளுக்கும் பத்து வருடம் ஓடித் தேய்ந்தவளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். வெர்னெட்டுக்கு மேடைப் பேச்சு வராது. எழுந்து, "எங்கப்பா வேலை பாத்த இடத்துல வருஷம் ஏற ஏறக் கூலி ஏறும். இங்க வருஷம் ஏற ஏற வலிதான் ஏறுது," என்றாள். அறை சிரித்தது, பிறகு கைதட்டியது. மூன்றாவது வருடத்திலிருந்து வருடத்துக்கு இத்தனை என்று குறைந்தபட்சம் படிப்படியாக ஏறுகிற விதி அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. எட்டு வருடம் தாண்டியவளுக்கு எழுபத்தாறாயிரம். அன்று மாலை மூத்த ஆட்டக்காரிகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓட்டல் கூடத்தைச் சுற்றிவந்தார்கள். தூக்க நான்கு பேர் தேவைப்பட்டது.

படியை ஏற்றியவர்கள் கூரையைப் பார்க்கவில்லை. உச்சவரம்பு அசையாமல் நிற்கும்போது கீழே படி உயர்ந்தால் கடைசிப் படியில் நிற்பவளின் தலைதான் முதலில் இடிக்கும். மேனேஜர்கள் இரண்டே வருடத்தில் கணக்கைப் புரிந்துகொண்டார்கள். கடைசி இடத்துக்கு மூத்தவளா புதியவளா என்ற கேள்வி வந்தால், ஆட்டத்தைப் பார்க்காமலே எண் பதில் சொல்லிவிடும். வெர்னெட்டைத் தூக்கிச் சுற்றிய நால்வரில் மூவர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது என்றே அவள் நினைத்திருந்தாள்.

அன்று மதியம் அவள் வீட்டுக்கு வந்தபோது கர்ட்டிஸ் வேலைச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"ஐயாயிரம் இடிக்குதாம்," என்றாள்.

"அவ்வளவுதானே. பஸ்ஸுல உண்டியல் குலுக்கிடறேன். நம்ம ரூட்டுல எல்லாரும் நல்லவங்க."

"எனக்குக் கொடுக்க இல்ல கர்ட்டிஸ். நான் ஐயாயிரம் கம்மியா வாங்கணும். அதுக்கு விதி விடல."

கர்ட்டிஸ் மெல்லுவதை நிறுத்தினான். "அப்ப உண்டியலுக்கு அடியில ஓட்டை போடணும்," என்றான். பிறகு, "யாரு போட்ட விதி?" என்று கேட்டான்.

கேட்டானே தவிர, அவனுக்குத் தெரியும். சிகாகோவிலிருந்து அவள் வந்த அன்று விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றவன் அவன்தான்.

"யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்னு சொல்வாங்க," என்றாள் அவள்.

"யானைக்கு அது வெயிலுக்காக," என்றான் கர்ட்டிஸ். பாதி சாண்ட்விச்சை அவள் பக்கம் நகர்த்தினான்.

அந்தக் கோடையில் அவள் ஹெரன்ஸ் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். மேல் வரிசையில் உட்கார்ந்து ஜோரி ஓல்சனைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது, அயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருப்பவரின் மகள். வேகம் இருந்தது. நிற்கத் தெரியவில்லை. மோதப்போகிற கணத்தில் கண்ணை மூடிக்கொண்டு லேசாக விலகிவிடுவாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது வெர்னெட்டுக்கு உள்ளே ஒரு சிறு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சட்டைப் பையில் யாரோ போட்டுவிட்டுப் போன பொருள் போல அவள் தொட்டுப் பார்த்தாள், பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தாள்.

சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் அவளுடைய இடம் இன்னும் போகவில்லை. அந்த வருடக் கடைசியில் பழைய ஒப்பந்தம் முடிகிறது. புதியது எழுதுகிற வரை குழு கலையாது என்று விதி. காலையில் பள்ளி ஜிம்மில் தனியாகப் பயிற்சி, பிறகு அதே பள்ளியின் கோடை வகுப்புகளில் லீவு போட்ட ஆசிரியர்களுக்குப் பதிலாகப் பாடம், மாலையில் சமையலறை மேஜையில் ஒப்பந்தத்தின் பக்கங்கள். ஜூலையில் அவள் ஒரு தீர்மானம் எழுதினாள். எழுதி முடித்தால் நான்கே வரி. மூத்தவளின் சம்பளம் குறையாது. ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிற மூத்தவளை உச்சவரம்பில் எண்ணும்போது புதியவளின் அறுபதாயிரமாகவே எண்ண வேண்டும். மிச்சப் பதினாறாயிரத்தை லீக் தன் பொது நிதியிலிருந்து தர வேண்டும். கையில் எழுபத்தாறு, தராசில் அறுபது.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலை ஜோரி அந்தப் பள்ளி ஜிம்முக்கு வந்தாள். கையில் சங்கத்தின் காகிதக் கட்டு.

"உங்களைத்தான் தேடி வந்தேன் அக்கா. கர்ட்டிஸ் மாமா பஸ்ஸுல ஏறிக் கேட்டேன். நீங்க இங்க இருப்பீங்கன்னு சொல்லிட்டு டிக்கெட்டும் கிழிச்சுக் குடுத்துட்டாரு."

"அவனுக்கு யாரும் இலவசம் கிடையாது. என்ன விஷயம்?"

"என்னை நம்ம அணிக்குச் சங்கப் பிரதிநிதி ஆக்கிட்டாங்க."

"எப்படி?"

"ஓட்டு போடறப்ப நான் குளிச்சிட்டிருந்தேன்."

வெர்னெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தை ஜோரியிடம் எறிந்தாள். ஜோரி கூடைக்கு அடியில் நின்று, விழுகிற பந்தை எடுத்து எடுத்துத் தந்துகொண்டே பேசினாள்.

"இந்த நாலாவது தீர்மானம். நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"மூணு தடவை படிச்சேன். சரியாப் புரிஞ்சுதான்னு கேக்க வந்தேன். இது வந்துட்டா உங்களுக்கும் எனக்கும் விலை ஒண்ணாயிடும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்படின்னா நான் எதிர்த்து ஓட்டு போடுவேன் அக்கா. நவம்பர்ல கூட்டத்துல பாத்து நீங்க அதிர்ச்சி ஆகக் கூடாது, அதான் முன்னாடியே சொல்லிட்டுப் போக வந்தேன்."

வெர்னெட் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குக் கோவமா?"

"ஏன்னு சொல்லு, அப்புறம் பாக்கலாம்."

"என்கிட்ட இருக்கற ஒரே நல்ல குணம் மலிவா இருக்கறதுதான். அதையும் எடுத்துட்டா நான் எதை வெச்சுக்கிட்டு இங்க நிக்கறது? ஃப்ரெட் என்னைக் கூப்பிட்டுச் சேத்துக்கிட்ட அன்னைக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'கணக்கு சரியா வருதும்மா'ன்னாரு. எங்கப்பா சந்தையில பன்னி வாங்கறவங்ககிட்ட பேசற மாதிரியே இருந்துது."

"என்கிட்டயும் கணக்குதான் சொன்னாரு. உன்னை உள்ள விட்ட கணக்குதான் என்னை வெளிய விட்டுது."

"தெரியும். அதனாலதான் நேர்ல வந்தேன்."

"உன்னைப் பத்தி நான் ஃப்ரெட்கிட்ட ஒண்ணு சொன்னேன். பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறான்னு."

ஜோரியின் காது சிவந்தது. "டொலீடோவுல பஸ் ரொம்ப லேட்டா வருது அக்கா," என்றாள்.

"அதைக் கர்ட்டிஸ்கிட்ட சொல்லிடாத." வெர்னெட் பந்தை எறிந்தாள். கூடையின் விளிம்பில் பட்டு வெளியே போனது. "எதிர்த்தே போடு. நானா இருந்தாலும் போட்டிருப்பேன். ஆனா எழுந்து நின்னு கையைத் தூக்கு. பாதியில இறக்காத."

செப்டம்பரில் போலந்திலிருந்து அழைப்பு வந்தது. ஏழு மாதத்துக்கு அவள் இங்கே ஒரு கோடையில் வாங்கியதைவிட நல்ல சம்பளம். போனால் நவம்பர் பேச்சுவார்த்தைக்கு இருக்க முடியாது. குழுவில் அவளைவிட்டால் நாலாவது தீர்மானத்துக்காகத் தொண்டையைச் செலவழிக்க ஆளில்லை, மற்றவர்களுக்கு நட்சத்திர ஆட்டக்காரிகளின் சம்பள வரம்பை உயர்த்துவதுதான் பெரிய பேச்சு. அவள் இரண்டு நாள் யோசித்துப் போகவில்லை என்று எழுதிவிட்டாள். முப்பத்துநான்கு வயதில் ஒரு குளிர்காலம் ஆடாமல் விடுவது என்றால் என்ன என்பது அவளுக்கும் தெரியும், போலந்துக்காரர்களுக்கும் தெரியும். அவர்கள் மறுபடி கேட்கவில்லை.

சிகாகோ ஓட்டலில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. காலையில் சங்கத்துக்குள் வாக்கெடுப்பு. பத்து அணிகள், அணிக்கு ஓர் ஓட்டு. நாலாவது தீர்மானத்துக்கு ஆதரவாக ஏழு கைகள். எதிராக மூன்று. அந்த மூன்றில் ஒன்று டொலீடோ. ஜோரி எழுந்து நின்று, கையை நேராகத் தூக்கி, எண்ணி முடிக்கிற வரை வைத்திருந்தாள். சொந்த ஊர் அணியே எதிர்த்ததைப் பார்த்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெர்னெட் சிரிக்கவில்லை.

மதியம் லீக் தரப்பு வந்தது. அவர்களுக்காகப் பேசியவர் ராண்டல் ஃபிஸ்க் என்கிற வழக்கறிஞர், மெல்லிய குரல்காரர். நாலாவது தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருமதி ஹாலிஸ், போன முறை இந்தக் குறைஞ்சபட்சத்தை ஏத்தச் சொன்னது நீங்கதான். இப்ப அது இடிக்குதுன்னு சொல்றதும் நீங்கதான். தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாத்தத்தால ஆதாயம் அடையப்போறவங்கள்ல நீங்களும் ஒருத்தர், இல்லையா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்க வழக்கறிஞர் ஐரிஸ் பென்னர், பதில் சொல்ல வேண்டாம் என்பது போல அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

"இருக்கட்டும் மேடம்," என்றாள் வெர்னெட். "ஆமா சார், நான் ஒருத்தி. மொத்தம் பதினாலு பேர். அஞ்சு வருஷத்துல கடைசி இடத்துக்கு வந்து, எண் இடிச்சு, வீட்டுக்குப் போனவங்க. ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணிக் கேட்டேன். லாரா கேஸ்பர், ஒன்பது வருஷம், இப்ப ஸ்போகேன்ல இன்ஷூரன்ஸ் விக்கறா. டியாண்ட்ரா ப்ரூ, பத்து வருஷம், அவங்கம்மாவோட முடிதிருத்தற கடை. ஹெலன் வோய்ட், எட்டு வருஷம் ஒரு மாசம். அந்த ஒரு மாசம் மட்டும் இல்லாட்டி அவ இன்னும் ஆடிட்டிருப்பா சார்."

பதினான்கு பேரையும் அவள் தாளைப் பார்க்காமல் சொன்னாள். அவசரப்படவில்லை. கடைசிப் பெயராகத் தன்னுடையதைச் சொல்லி, "பள்ளிக்கூடத்துல பதிலி வாத்தியார்," என்றாள்.

"இவங்கள்ல எத்தனை பேர் இன்னும் ஆடற தரத்துல இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் ஃபிஸ்க்.

"அதேதான் சார் நானும் கேக்கறேன். தெரிஞ்சுக்க யாருக்கும் சந்தர்ப்பம் கிடைக்கல. நல்லா ஆடலன்னா அனுப்புங்க. சொல்லி அனுப்புங்க. பதினாலு பேர்கிட்டயும் சொன்னது ஒரே வார்த்தை. 'உன் ஆட்டத்துல குறையில்ல.' குறையில்லாதவளை அனுப்பிச்சா அவ வீட்டுக்குப் போய் எதைத் திருத்திக்குவா?"

ஃபிஸ்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார். அன்றைக்கு ஒன்றும் முடியவில்லை. அடுத்த வாரமும் முடியவில்லை. நட்சத்திரச் சம்பளத்தில் சங்கம் கொஞ்சம் இறங்கியது. பயணத்துக்கு நல்ல விமானம் என்பதில் லீக் கொஞ்சம் இறங்கியது. நாலாவது தீர்மானம் இரண்டு முறை மேஜையிலிருந்து விழப்பார்த்தது. இரண்டு முறையும் ஐரிஸ் அதைப் பிடித்துத் திரும்ப வைத்தார். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் லீக் ஒப்புக்கொண்டது. வருகிற கோடையிலிருந்தே அமல்.

மே மாதம் ஹெரன்ஸ் முகாமுக்கு வெர்னெட்டை ஹதாத்தே கூப்பிட்டார். பதினொரு இடம் முடிவாகிவிட்டது. பன்னிரண்டாவது இடத்துக்கு மிச்சம் இருப்பது அறுபத்து நான்காயிரம். வெர்னெட் அறுபது, ஜோரி அறுபது. பதினெட்டு நாள் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள். குளிர்காலம் முழுக்க ஜோரி ஏதோ செய்திருந்தாள். முதல் நாளே ஸ்க்ரீனில் வெர்னெட் அவள்மேல் மோதியபோது அவள் நகரவில்லை. கண் திறந்திருந்தது. வெர்னெட் தரையில் விழுந்தாள். ஜோரி கை நீட்டித் தூக்கிவிட்டாள்.

"பஸ் வந்துருச்சா அக்கா?"

"வாயை மூடிட்டு ஓடுடி."

கடைசி நாள் ஹதாத் வெர்னெட்டைக் கூப்பிட்டார். மேஜைமேல் தகரப் பெட்டி இல்லை. அதைப் பார்த்ததும் அவளாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஜோரியை எடுக்கறேன் வெர்ன்," என்றார் ஹதாத்.

"எவ்வளவு இடிக்குது?"

"ஒண்ணும் இடிக்கல. அவ உன்னைவிட நல்லா ஆடறா," என்றார். "என்னால இதைச் சொல்லவே முடியல. அஞ்சு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல. எண்ணைக் காட்டியே பழகிட்டேன்."

"எதுல நல்லா ஆடறா?"

"தடுக்கறப்ப பக்கவாட்டுல நீ ஒரு அடி லேட். போன வருஷம் அரை அடியா இருந்துது."

"ரெண்டாவது வாரம் எனக்குச் சளி."

"மூணாவது வாரம்?"

"அவ பந்தை எப்ப விடணும்னு தெரியாம ரெண்டு தடவை மாட்டிக்கிட்டா. நீங்க பாக்கலையா?"

"மூணு தடவை. பாத்தேன். அது கத்துக்கலாம். அடி திரும்ப வராது."

"ஸ்க்ரீன்ல என்னைவிட நல்லா நிக்கறாளா? அதைச் சொல்லுங்க."

"இல்ல. அதுல நீதான்." ஹதாத் ஒரு காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார். "ஆனா இந்தப் பக்கத்துலேர்ந்து பந்து வந்தா..."

"அந்தப் பக்கத்துலேர்ந்து எவ பந்து கொண்டு வருவா? நம்ம அணியில எல்லாரும் வலது கைக்காரிங்க." அவள் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் இருவரும் சண்டை போட்டார்கள். காகிதத்தின் இரண்டு பக்கமும் நிறைந்தது. மூன்று வருடம் இந்த அறைக்கு வந்துபோயும் இங்கே அவர்கள் கூடைப்பந்தைப் பற்றிப் பேசியதே இல்லை என்பது வெர்னெட்டுக்குப் பாதியில் உறைத்தது. சில இடங்களில் அவள் வென்றாள். மொத்தத்தில் வெல்லவில்லை. அந்த ஓர் அடியை எந்தக் கோட்டாலும் அவளால் மறைக்க முடியவில்லை.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஜோரி வெர்னெட்டின் காரில் சாய்ந்துகொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இடம் கிடைச்சவ நீ. அழவேண்டியவ நான்," என்றாள் வெர்னெட்.

"ஃப்ரெட் என்கிட்ட கணக்கைப் பத்தி ஒண்ணுமே சொல்லல அக்கா."

"என்ன சொன்னாரு?"

"என் ஆட்டம் பிடிச்சிருக்குன்னாரு." மூக்கைச் சட்டையின் கையால் துடைத்தாள். "நான் உங்களை எதிர்த்து ஓட்டு போட்டேன்."

"எண்ணினவங்களுக்கே கை வலிக்கற அளவுக்குத் தூக்கியிருந்தியே." வெர்னெட் கார்ச் சாவியைத் தேடினாள். பையின் அடியில் இருந்தது. எடுக்க நேரமானது. அந்த நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது. "அந்த மூணு தடவை பந்தை வெச்சுக்கிட்டு மாட்டிக்கிட்டியே, அதைச் சரி பண்ணு. ஃப்ரெட் எண்ணி வெச்சிருக்காரு. இப்ப என் கார்லேர்ந்து நகரு."

வீட்டில் அவள் அதிகம் பேசவில்லை. கர்ட்டிஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அவர் சொன்னது நிஜமா?"

"ஒரு அடி நிஜம்," என்றாள். பிறகு, "மத்ததுக்கு இன்னும் வாதாடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். மத்தியானம் மூன்று மணி. மாலை ஏழு வரை தூங்கினாள்.

ஜூன் மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. கர்ட்டிஸ் அடுப்பில் ஏரி மீன் பொரித்துக்கொண்டிருந்தான். தொலைபேசியில் தெரியாத எண். டல்சா அணியின் மேனேஜர் மிர்னா கோட்ஸ் என்று ஒரு பெண்குரல் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அவர்களுடைய நடு ஆட்டக்காரி ஒருத்திக்கு அன்று காலை கணுக்கால் போய்விட்டது. உச்சவரம்பில் இருப்பது அறுபத்தோராயிரம். ஆறு வாரத்துக்காவது ஓர் ஆள் வேண்டும்.

"எங்க கோச்சுக்கு நல்லா மறிச்சு நிக்கற ஆள் வேணுமாம். நாலு பேர் பேரைச் சொன்னாரு. உங்க பேர் முதல்ல. முழங்கால் எப்படி இருக்கு?"

வெர்னெட் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். எத்தனை வருஷம் சர்வீஸ் என்கிற கேள்வி. மறுமுனையில் அந்தப் பெண்ணும் பதிலுக்காகக் காத்திருந்தாள். அதற்குமேல் கேள்வி இல்லை என்று புரிய வெர்னெட்டுக்குச் சற்று நேரமாயிற்று. கர்ட்டிஸ் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, யாரு, என்று புருவத்தால் கேட்டான்.

"வலது நல்லா இருக்கு," என்றாள். "இடது காலையில அரை மணி நேரம் முறைச்சுக்கிட்டு இருக்கும். அப்புறம் வழிக்கு வந்துடும். பக்கவாட்டுல தடுக்கறப்ப நான் ஒரு அடி லேட், அதையும் சொல்லிடறேன்."

"அது எங்க கோச் சொன்னாரு. பரவாயில்லங்கறாரு. எங்க டாக்டர் முழங்காலைப் பாக்கட்டும். நாளைக்கு வர முடியுமா?"

கர்ட்டிஸ் அடுப்பை அணைத்தான்.

"காலையில எத்தனை மணிக்கு விமானம்?" என்று கேட்டாள் வெர்னெட்.